புதிய வேலையை இழந்தவருக்கு நிவாரணம் உண்டா?

வேலையை இழந்த வாடிக்கையாளர் ஒருவர் கிளைக்கு வந்தால், பெரும்பாலும் கடன் தவணையைப் பற்றியே பேசத் தொடங்குவார். "அரசின் வேலையிழப்பு நிவாரணத்திற்கு விண்ணப்பித்தீர்களா?" என்று நாம் வினவினால், "சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகவில்லையே, எனக்கு எப்படிக் கிடைக்கும்?" என்ற மறுவினாவே விடையாக வரும். இவ்வெண்ணம் பல நேரங்களில் தவறானது. தகுதி கணக்கிடப்படுவது கடைசி நிறுவனத்தில் சேர்ந்த நாளிலிருந்து அன்று. காப்பீட்டு எண் பெற்ற நாளிலிருந்தே.

தொழிலாளர் அரசுக் காப்பீட்டுக் கழகத்தை நாம் இ.எஸ்.ஐ. என்றே அழைக்கிறோம். மருத்துவமனையை நடத்தும் அமைப்பாகவே அதனைப் பலரும் அறிவர். 'அடல் பீமித் வியக்தி கல்யாண் யோஜனா' என்னும் நிவாரணத் திட்டத்தையும் அது 2018 ஜூலை 1 முதல் நடத்தி வருகிறது. குறிப்பிட்ட காலத்திற்கென அறிவிக்கப்பட்டு, அவ்வப்போது நீட்டிக்கப்பட்டு வரும் திட்டம் இது. தொடக்கத்தில் சராசரி நாள் ஊதியத்தில் 25 விழுக்காடு வழங்கப்பட்டது. பெருந்தொற்றுக் காலத்தில், 2020 மார்ச் 24 முதல் அது 50 விழுக்காடாக உயர்த்தப்பட்டது. வாழ்நாளில் அதிகபட்சம் 90 நாள்களுக்கு இத்தொகையைப் பெறலாம். வேலையிழந்து 30 நாள்கள் கடந்த பின் இது வழங்கத்தக்கதாகிறது.

தகுதிக்கான நிபந்தனைகளைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். முதலாவது, வேலையிழப்பதற்கு முன் குறைந்தது இரண்டு ஆண்டுகள் காப்பீட்டிற்கு உட்பட்ட பணியில் இருந்திருக்க வேண்டும். அடுத்தது, சந்தா செலுத்திய நாள்களைப் பற்றியது. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரையும், அக்டோபர் முதல் மார்ச் வரையும் என ஆண்டுக்கு இரண்டு சந்தாக் காலங்கள் உள்ளன. வேலையிழப்புக்கு உடனடியாக முந்தைய சந்தாக் காலத்தில் 78 நாள்களுக்குக் குறையாமலும், அதற்கு முந்தைய மூன்று காலங்களுள் ஏதேனும் ஒன்றில் 78 நாள்களுக்குக் குறையாமலும் சந்தா செலுத்தப்பட்டிருக்க வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டு. பெங்களூரு பீன்யா தொழிற்பேட்டையில் 2022 ஏப்ரல் 1 அன்று ஒருவர் பணியில் சேர்ந்து, 2024 ஜனவரி 31 அன்று விலகுகிறார் என வைத்துக்கொள்வோம். பிப்ரவரி 5 அன்று புனேயில் ஒரு புதிய ஆலையில் சேர்கிறார். ஜூலை 31 அன்று அங்கே ஆட்குறைப்பு. புதிய வேலை நீடித்தது ஆறு மாதத்திற்கும் குறைவே. எனினும் அவரது காப்பீட்டு வரலாறு இரண்டு ஆண்டு நான்கு மாதம். உடனடி முந்தைய சந்தாக் காலமாகிய 2023 அக்டோபர் முதல் 2024 மார்ச் வரையிலான ஆறு மாதங்களில், பெங்களூரு நாள்களும் புனே நாள்களும் சேர்ந்தே எண்ணப்படும். அவர் தகுதியுடையவர்.

இப்போது ஒரு சிறு மாற்றம். புனே ஆலையில் சேர்ந்தபோது பழைய காப்பீட்டு எண்ணை அவர் தெரிவிக்கவில்லை; நிர்வாகம் புதிய எண் ஒன்றைப் பெற்றுவிட்டது. அப்புதிய எண்ணின்படி அவர் பிப்ரவரியில்தான் காப்பீட்டிற்குள் வந்தவர். மார்ச் இறுதிவரை எல்லா நாள்களையும் சேர்த்தாலும் 56 நாள்களே. இரண்டு நிபந்தனைகளிலும் அவர் தோற்றுப்போகிறார். மனிதர் ஒருவரே, உழைத்த நாள்களும் அவையே. எண் மட்டும் வேறு. காப்பீட்டு எண் வாழ்நாள் முழுவதற்கும் ஒன்றே என்பதைப் பணியில் சேரும் முதல் நாளே நினைவிற்கொள்க.

அவ்வெண் எத்தனை ரூபாய்க்கு உரியது? நான்கு சந்தாக் காலங்களில் பெற்ற மொத்த ஊதியத்தை 730 ஆல் வகுத்துச் சராசரி காண்பர். மொத்தம் 4,20,000 ரூபாய் எனில் நாள் சராசரி ஏறத்தாழ 575 ரூபாய். அதிற்பாதியை 90 நாள்களுக்குக் கணக்கிட்டால் சுமார் 25,890 ரூபாய். வாடகையும் பள்ளிக் கட்டணமும் காத்திருக்கும் வீட்டில் இது சிறு தொகையன்று.

வேலை எவ்வாறு போயிற்று என்பதும் தகுதியைத் தீர்மானிக்கும். தாமாக விலகியவர், விருப்ப ஓய்வு பெற்றவர், ஒழுங்கு நடவடிக்கையால் நீக்கப்பட்டவர், சட்டவிரோதமென அறிவிக்கப்பட்ட வேலைநிறுத்தத்தில் இருப்பவர் ஆகியோருக்கு நிவாரணம் இல்லை. ஆட்குறைப்பின்போது, "ராஜினாமாக் கடிதம் கொடுத்துவிடுங்கள், அடுத்த வேலைக்கு நல்லது" என்று சில நிர்வாகங்கள் கூறுவதுண்டு. அக்கடிதத்தில் கையெழுத்திடுபவர் தாமாக விலகியவராகவே பதிவாவார். என் கருத்தில், அந்த ஒரு தாளுக்குச் சுமார் 26,000 ரூபாய் விலை என்று எண்ணிப் பார்த்தே பேனாவை எடுக்க வேண்டும்.

ஆலை மூடல், ஆட்குறைப்பு, அல்லது பணி சாராத காயத்தால் 40 விழுக்காட்டுக்குக் குறையாத நிரந்தர ஊனம் ஆகிய காரணங்களால் வேலையிழந்தோருக்கு, 2005 முதல் நடைமுறையில் உள்ள ராஜீவ் காந்தி ஷ்ரமிக் கல்யாண் யோஜனாவும் உண்டு. அதில் உதவித்தொகை அதிகபட்சம் 24 மாதங்கள் வரை நீளும். இரண்டையும் ஒரே வேளையில் பெற இயலாது. ஆகவே எது பொருந்தும் என்பதை இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்தில் முதலில் கேட்டறிக.

மாத ஊதியம் 21,000 ரூபாய்க்கு மேற்பட்ட பணியில் புதிதாகச் சேர்பவர் பொதுவாக இக்காப்பீட்டிற்குள் வருவதில்லை. ஊதியத்தில் 0.75 விழுக்காடு பிடிக்கப்பட்டால் மட்டும் போதாது. அது கழகத்திற்குச் சென்றதா என்பதை இ.எஸ்.ஐ. இணையதளத்தில் தம் எண்ணைக் கொண்டு அவரவரே பார்க்கலாம். வேலையில் இருக்கும்போதே பார்ப்பது நன்று. பின்னர் நிர்வாகம் தொலைபேசியை எடுப்பது அரிது.

விண்ணப்பம் இணையவழியிலும், பின்னர் கிளை அலுவலகத்திலும் அளிக்கப்படும். தொகை வங்கிக் கணக்கில் நேரடியாக வரவு வைக்கப்படுவதால், ஆதாரும் கணக்கும் காப்பீட்டுப் பதிவில் இணைக்கப்பட்டிருக்க வேண்டும். இங்கே வங்கியாளனாக ஒன்று சொல்ல வேண்டும். பதிவில் உள்ளது பெரும்பாலும் முதல் நிறுவனம் தொடங்கித் தந்த சம்பளக் கணக்கு. இரண்டு ஆண்டுகள் வாடிக்கையாளரின் பரிவர்த்தனை எதுவும் இல்லையெனில் அது செயல்படாக் கணக்காகிவிடும். அதனை உயிர்ப்பிக்க அடையாள ஆவணங்களுடன் கிளைக்கு வருக. அன்றே கடன் தவணையைப் பற்றியும் பேசிவிடலாம். நிலுவை 90 நாள்களைத் தாண்டினால் கணக்கு வாராக் கடனாக வகைப்படுத்தப்படும், அதற்கு முன் வருபவருக்கே கிளை மேலாளரால் வழிகாட்ட இயலும்.