சிப்பந்தியின் குற்றமும் முதலாளியின் அமானத்தும்

ஜும்ஆ தொழுகைக்குப் பின் ஒரு ஜவுளிக்கடை முதலாளி நம்மைத் தனியே சந்தித்தார். அவர் கடையில் 15 பேர் வேலை செய்கிறார்கள். 20 வருடமாக இருக்கும் சிப்பந்தி ஒருவர், புதிதாகச் சேர்ந்த பெண்பிள்ளையிடம் அசிங்கமாகப் பேசுகிறாராம். அப்பிள்ளை அழுதுகொண்டு வந்து முறையிட்டிருக்கிறாள். "ஹஜ்ரத், அவர் ஐவேளை தொழுகிறவர். பிறர் குறையை மறைப்பது நன்மைதானே? பிள்ளைக்குக் கணக்கு முடித்து அனுப்பிவிடலாமா?" என்று கேட்டார்.

நாலு பேரை வேலைக்கு வைத்திருக்கும் எவருக்கும் இந்நிலை வரலாம். ஆதலின், அவருக்குச் சொன்னதை இங்கே எழுதுகிறோம்.

1. குறைகள் எல்லாம் ஒரே தரத்தவை அல்ல. வியர்வை வாடை, சிடுசிடுப்பு, தாமதம் போன்றவற்றைத் தனியே அழைத்து இதமாகச் சொல்லவேண்டும். பள்ளிவாசலில் சிறுநீர் கழித்த நாட்டுப்புற அரபியை ஸஹாபாக்கள் அதட்டியபோது, நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். அவ்விடத்தில் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றச் செய்து, அவருக்குப் பரிவுடன் விளக்கினார்கள். வாடிக்கையாளர் முன்னிலையில் வேலையாளை ஏசும் முதலாளிகள் இதைச் சிந்திக்க வேண்டும்.

2. புகாரைக் கேட்டவுடன் தீர்ப்புச் சொல்லலாகாது, தள்ளிவிடவும் ஆகாது. வந்த செய்தியைத் தீர விசாரிக்கும்படி ஸூரத்துல் ஹுஜுராத்தின் 6ஆம் வசனம் ஏவுகிறது. அதே ஸூராவின் 12ஆம் வசனம் துருவி ஆராய்வதையும் புறம் பேசுவதையும் விலக்குகிறது. எனவே, இரு தரப்பையும் தனித்தனியே கேட்க வேண்டும். மற்ற வேலையாட்களை உளவுக்கு ஏவக்கூடாது. பெண்ணிடம் பேசும்போது அவள் தாயாரோ மூத்த பெண்மணியோ உடனிருக்கட்டும். அநீதிக்குள்ளானவர் முறையிடுவது புறமாகாது என்பதை இமாம் நவவி (ரஹ்) அவர்கள் 'ரியாளுஸ் ஸாலிஹீன்' கிதாபில் விளக்கியுள்ளார்கள்.

3. குறையை மறைப்பது என்பது, அடியானுக்கும் அல்லாஹ்வுக்கும் இடையிலுள்ள பாவத்தைப் பொறுத்தது. இங்கோ இன்னொருவரின் ஹக்கு பறிபோகிறது. இதை மறைப்பது அநியாயத்துக்குத் துணை நிற்பதாகும். அநியாயம் செய்பவனின் கையைத் தடுப்பதே அவனுக்குச் செய்யும் உதவி என்பது நபிமொழியின் கருத்து. மக்ஸூம் குலத்துப் பெண் திருடியபோது, அவளுடைய குலப்பெருமைக்காகச் செய்யப்பட்ட சிபாரிசை நபியவர்கள் ஏற்கவில்லை. அப்படியிருக்க, 20 வருட ஊழியம் எம்மாத்திரம்?

4. நாட்டுச் சட்டமும் இதையே கேட்கிறது. பணியிடத்தில் பெண்களுக்கு இழைக்கப்படும் பாலியல் தொல்லையைத் தடுக்க 2013இல் வந்த இந்தியச் சட்டப்படி, 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில், பெண் ஒருவர் தலைமையில் உள்விசாரணைக் குழு இருக்க வேண்டும். அதைவிடச் சிறிய கடைகளின் புகாரை மாவட்டந்தோறும் உள்ள குழுவிடம் கொடுக்கலாம்.

5. குற்றம் உறுதியாகி ஒருவரை விலக்க நேர்ந்தாலும், அதுவரை அவர் உழைத்த கூலியைப் பிடித்து வைக்கக்கூடாது. குற்றம் வேறு, கூலி வேறு.

சில வாரங்கள் கழித்து அந்த முதலாளி மீண்டும் வந்தார். குழு அமைத்து விசாரித்ததில் புகார் உண்மையென்று தெரிந்ததாம். முன்பு சொல்லாமலே நின்றுவிட்ட இரண்டு பிள்ளைகளும் இதே காரணத்தால்தான் போனவர்களாம். "அந்தப் பிள்ளைகளுக்கு மஹ்ஷரில் என்ன பதில் சொல்வேன்?" என்று கலங்கினார். அவர்களைத் தேடிச் சென்று மன்னிப்புக் கேட்கும்படி சொன்னோம்.

நமது பொறுப்பில் உள்ள ஒவ்வொருவரும் அமானத். அதைப் பேணி நடக்க அல்லாஹு தஆலா நம் அனைவருக்கும் தௌஃபீக் செய்வானாக! ஆமீன்.