தோற்றவர்கள் வென்றார்கள்

ரோம் நகரம் இத்தாலியில் உள்ளது. கி.மு. 216இல் கன்னே என்ற இடத்தில் ரோமப் படை தோற்றது. தோற்கடித்தவர் கார்த்தேஜ் தளபதி ஹன்னிபால். தப்பி வந்த வீரர்களை ரோம் சிசிலித் தீவுக்கு அனுப்பித் தண்டித்தது.

பின்னாளில் தளபதி சிப்பியோ அவர்களைத் தம் படையில் சேர்த்தார். கடும் பயிற்சி கொடுத்தார்.

ரோம வீரர்கள் மரக் கத்தியால் பழகுவார்கள். அது போர்க் கத்தியைவிட இருமடங்கு கனம். ஆள் உயரக் கம்பமே எதிரி. இரவுக் காவலில் தூங்கினால் மரண தண்டனை. ஒருவர் தூங்கினால் எல்லாருக்கும் ஆபத்து அல்லவா?

கி.மு. 202இல் சாமா என்ற இடத்தில் மீண்டும் போர். ஹன்னிபால் யானைகளை ஏவினார். வீரர்கள் சிதறி ஓடவில்லை. வரிசைகளுக்கு நடுவே வழி விட்டார்கள். பல யானைகள் அந்த வழியே போய்விட்டன. ரோமப் படை வென்றது. அன்று தோற்றவர்களை வெல்ல வைத்தவை பயிற்சியும் ஒழுங்கும்.

கேள்வி: யானைகள் வந்தபோது வீரர்கள் என்ன செய்தார்கள்?