கொடும்பாளூருக்கு மூன்று புத்தகம்

"அக்கா, நல்லதா ஒரு சரித்திரப் புத்தகம் சொல்லேன்" என்று கேட்கிற தங்கச்சி, தம்பிகளிடம் நான் உடனே பெயர் சொல்வதில்லை. நீ எந்த ஊர் என்றுதான் முதலில் கேட்பேன். கீரனூரா, இலுப்பூரா, அறந்தாங்கியா, பொன்னமராவதியா? புதுக்கோட்டை மாவட்டத்தில் எந்த மூலையில் இருந்தாலும் பஸ் ஏறினால் எட்டிவிடுகிற தூரத்தில் ஒரு குகையோ, கோட்டையோ, கல்வெட்டோ இருக்கும். அதைச் சுற்றி ஒரு கதையும் இருக்கும். உன் முதல் புத்தகத்தை அங்கிருந்து எடு. தெரிந்த ஊர்ப் பெயர் பக்கத்துக்குப் பக்கம் வந்தால் ஆயிரம் பக்கம்கூடப் பாரமாகத் தெரியாது.

எந்த ஊரில் தொடங்குவது என்று தெரியாவிட்டால் கொடும்பாளூரில் தொடங்கு. விராலிமலைப் பக்கம் இருக்கிற சின்ன ஊர். அங்கே இருக்கிற கோயிலுக்கு மூவர் கோயில் என்று பெயர். நிற்பது இரண்டு கோயில்கள், மூன்றாவதற்கு அடித்தளம் மட்டும் மிச்சம். இந்த ஒரே ஊருக்கு நான் மூன்று புத்தகம் கொடுப்பேன்.

முதலாவது உனக்கே தெரியும், பொன்னியின் செல்வன். கல்கி இதழில் 1950 முதல் 1954 வரை தொடராக வந்து ஐந்து பாகமான நாவல். சட்டென்று மயங்கி விழுகிற வானதி இருக்கிறாளே, அவள் கொடும்பாளூர் இளவரசி. பெரிய வேளார் பூதி விக்கிரமகேசரியும் இந்த ஊர்க்காரர்தான். கல்கியின் எழுத்து நாட்டுடைமை ஆகிவிட்டதால் யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம். கடையில் விதவிதமாகக் கிடைக்கும். வாங்குமுன் இரண்டு விஷயம் பார். ஐந்து பாகமும் முழுசாக இருக்கிறதா, இல்லை சுருக்கிப் போட்டதா? எழுத்து கண்ணை உறுத்தாத அளவா? தொடருக்கு ஓவியர் மணியம் வரைந்த படங்கள் உள்ள பதிப்பு கிடைத்தால் நூறு ரூபாய் கூடப் போனாலும் அதையே எடு. எல்லாப் பாகத்தையும் ஒன்றாகத் தைத்த தடிப் புத்தகம் மட்டும் வேண்டாம். படுத்துக்கொண்டு படித்தால் மணிக்கட்டு போய்விடும், பஸ்ஸில் எடுத்துப் போகவும் முடியாது.

படிக்கும்போது பெயர்க் குழப்பம் வரும். ஒரு வெள்ளைத்தாளை எடுத்து விஜயாலயன், ஆதித்தன், பராந்தகன் என்று மேலிருந்து எழுது. பராந்தகனுக்குக் கீழே கண்டராதித்தன், அரிஞ்சயன் என்று கிளை பிரி. அரிஞ்சயனுக்குக் கீழே சுந்தர சோழன், அவருக்குக் கீழே ஆதித்த கரிகாலன், குந்தவை, அருள்மொழி. அந்தத் தாளையே பக்க அடையாளமாக வைத்துக்கொள். மணிரத்னம் படம் 2022-இலும் 2023-இலும் இரண்டு பாகமாக வந்ததைப் பார்த்தவர்கள் பாதிக் கதை தெரியும் என்று நினைத்துத் தாவுகிறார்கள். தாவாதே, படத்தில் இல்லாதது நாவலில் ஏராளம். நடுப் பாகங்களில் கதை கொஞ்சம் இழுக்கும். கல்கி ரசிகர்கள் என்னை அடிக்க வந்தாலும் சொல்கிறேன். வாரா வாரம் காத்திருந்து படித்தவர்களுக்காக எழுதியது. நீயும் ஒரே மூச்சில் விழுங்காமல் ராத்திரிக்கு நாலு அத்தியாயம் என்று வைத்துக்கொண்டால் இழுப்பு தெரியாது.

இரண்டாவது, வேங்கையின் மைந்தன். எழுதிய அகிலன் நம் பெருங்களூரில் 1922-இல் பிறந்தவர். 1963-இல் இந்த நாவலுக்குச் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. நாவலின் பின்புலம் ராஜேந்திர சோழன் காலம், நாயகன் இளங்கோ கொடும்பாளூர்க்காரன். கல்கியில் வானதியை விட்டு வந்த பிறகு அதே ஊரில் அடுத்த தலைமுறை என்னவாயிற்று என்று பார்க்க இதை எடு. இரண்டையும் அடுத்தடுத்துப் படித்தால் ஒரே வேளிர் குடியை இரண்டு எழுத்தாளர்கள் எப்படி வேறுவேறாகக் கற்பனை செய்கிறார்கள் என்று உனக்கே பிடிபடும்.

மூன்றாவதைச் சொன்னால் முகம் சுளிப்பாய். சிலப்பதிகாரம். பள்ளியில் மனப்பாடப் பகுதியாக வந்து பயமுறுத்தியது எல்லோரையும்தான். நான் முழுசும் படிக்கச் சொல்லவில்லை, 'காடுகாண் காதை' ஒன்றை மட்டும் நல்ல உரையோடு படி. கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளோடு உறையூர் தாண்டி மதுரைக்குப் போகிறார்கள். வழியில் மாங்காட்டு மறையவன் ஒருவன் வழி சொல்கிறான்: கொடும்பையில் நெடுங்குளக் கரையை அடைந்தால் சிவனுடைய சூலம் மாதிரி பாதை மூன்றாகப் பிரியும். அந்தக் கொடும்பைதான் நம் கொடும்பாளூர் என்கிறார்கள் உரைகாரர்கள்.

இடப்பக்கப் பாதை திருமாலிருஞ்சோலை வழியாகப் போகும். அங்கே ஒரு குகை, மூன்று பொய்கை. ஒன்றில் முழுகினால் ஐந்திர இலக்கணம் கைவரும், இன்னொன்றில் முழுகினால் பழம்பிறப்பு தெரியும், மூன்றாவதில் முழுகினால் நினைத்தது நடக்கும். குகைக்குள் ஒரு பெண் தெய்வம் நின்று கேள்வி கேட்கும், பதில் சொன்னால்தான் கதவு திறக்கும். கவுந்தியடிகள் சமணத் துறவி. இந்தப் பொய்கை எதுவும் எங்களுக்கு வேண்டாம் என்று நடுப்பாதையைத் தேர்ந்தெடுக்கிறார். அங்கேயும் சும்மா விடவில்லை. தண்ணீர் எடுக்கப் போன கோவலன் முன்னால் வனதெய்வம் மாதவியின் தோழி வசந்தமாலை உருவத்தில் வந்து காலில் விழுந்து அழுகிறது. மறையவன் எச்சரித்தது நினைவுக்கு வர, மந்திரம் சொல்லி அதை விரட்டுகிறான். மாயாஜாலக் கதை வேண்டும் என்று வெளிநாட்டுப் புத்தகமாகத் தேடுகிற தம்பிகளுக்கு இந்த ஒரு காதையை எடுத்துக் காட்டுவேன். விராலிமலைப் பஸ்ஸில் போகிறபோது அந்த முப்பிரி பாதையை நினைத்துக்கொண்டு ஜன்னல் வழியே பார்.

மூன்றையும் படித்துவிட்டு மூவர் கோயிலுக்குப் போ. காலையிலேயே போய்விடு, குடிக்கத் தண்ணீர் எடுத்துக்கொள். அங்கே ஒரு வடமொழிக் கல்வெட்டு இருக்கிறது. வேளிர் குடியின் தலைமுறைகளை வரிசையாகச் சொல்லி, பூதி விக்கிரமகேசரி தன் பெயரால் ஒன்றும், தன் மனைவியர் கற்றளி, வரகுணை பெயரால் ஒவ்வொன்றுமாக மூன்று விமானங்களைக் கட்டினார் என்கிறது. மல்லிகார்ஜுனர் என்ற காளாமுகத் துறவிக்கு மடம் கொடுத்த செய்தியும் அதில் உண்டு. நாவலில் படைத்தளபதியாகப் பார்த்த ஆள் இங்கே இரண்டு மனைவிகளுக்கும் கோயில் கட்டிய மனிதராக நிற்கிறார். நாவலும் பொய்யில்லை, கல்லும் பொய்யில்லை. இரண்டின் வேலை வேறு.

இதற்குத்தான் என் பென்சில் டிப்ஸ். சொந்தப் புத்தகமாக இருந்தால் ஓரத்தில் 'க', 'பு', 'கல்' என்று மூன்று குறி போட்டுக்கொண்டே படி. கதாசிரியர் கற்பனைக்கு 'க', புராணத்துக்கு 'பு', கல்வெட்டிலோ செப்பேட்டிலோ உள்ளதற்கு 'கல்'. பொன்னியின் செல்வனில் வருகிற நந்தினிக்கு 'க'. வந்தியத்தேவனுக்குக் 'கல்', ஏனென்றால் தஞ்சைக் கல்வெட்டு குந்தவையை வல்லவரையர் வந்தியத்தேவர் மனைவி என்கிறது. அவர் அடித்த கூத்தெல்லாம் 'க'. ஆதித்த கரிகாலன் கொலைக்குக் 'கல்'. காட்டுமன்னார்கோயில் பக்கம் உடையார்குடிக் கல்வெட்டில் சோமன், ரவிதாசன், பரமேசுவரன் என்று கொலைகாரர்களின் பெயர் சொல்லி, அவர்கள் சொத்தைப் பறிமுதல் செய்த சேதி இருக்கிறது. நாவலில் வருகிற ரவிதாசன் இப்படிக் கல்லிலிருந்து இறங்கி வந்தவன். முதலில் எதுவும் தெரியாது, கேள்விக்குறி போட்டு வை. வேறு புத்தகம் படிக்கும்போது ஒவ்வொன்றாக விடை கிடைக்கும், அதுவே தனி ருசி. நூலகப் புத்தகத்தில் மட்டும் பென்சில் வைக்காதே, துண்டுத்தாள் செருகு.

கல்வெட்டு என்றாலே அப்படியே நடந்தது என்றும் நம்பிவிடாதே. கொடும்பாளூரிலேயே முசுகுந்தேசுவரர் கோயில் இருக்கிறது. முசுகுந்தன் குரங்கு முகத்தோடு பிறந்து இந்திரனுக்குப் போரில் உதவிய சோழன் என்பது புராணம். சோழர் செப்பேடுகளைப் புரட்டினால், சூரியனில் தொடங்கி மனு, சிபி என்று இறங்கி, அப்புறம்தான் நிஜ ராஜாக்கள் வருகிறார்கள். செப்பேட்டுக்குள்ளேயே 'பு' இருக்கிறது. எந்த இடத்தில் அது முடிகிறது என்று விரல் வைத்துத் தேடுவது எனக்கு நாவலைவிடப் பிடித்த விளையாட்டு.

அறந்தாங்கிப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஆவுடையார்கோயில். பாண்டியன் குதிரை வாங்கக் கொடுத்த பணத்தை மாணிக்கவாசகர் இங்கே கோயில் திருப்பணிக்குச் செலவழித்துவிட்டார். சிவன் நரிகளைக் குதிரைகளாக்கி மதுரைக்கு ஓட்டிவந்தார். ராத்திரியில் அவை மறுபடி நரியாகி, இருந்த குதிரைகளையும் கடித்துவிட்டு ஓடின. பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் நரி பரியாக்கிய படலம், பரி நரியாக்கிய படலம் என்று இரண்டு படலமாக இது வருகிறது. உரைநடையில் சொன்ன பதிப்பும் உண்டு, அதில் தொடங்கு. பிறகு மார்க்கோ போலோவின் பயண நூலில் பாண்டிய நாட்டுப் பகுதியைப் படி. மாணிக்கவாசகர் காலத்துக்குச் சில நூற்றாண்டு பிந்தியவர், 13-ஆம் நூற்றாண்டுக் கடைசியில் வந்தவர். அரபு, பாரசீகத் துறைமுகங்களிலிருந்து பாண்டியர்கள் வருஷாவருஷம் குதிரை வாங்குவதையும், பராமரிக்கத் தெரியாமல் அவை செத்துப்போவதையும், குதிரைக்குச் சோறும் இறைச்சியும் சமைத்துப் போடுவதையும் எழுதியிருக்கிறார். ஒரு ராஜாவின் கஜானாவையே கலக்குகிற சமாசாரமாகக் குதிரை ஏன் புராணத்துக்குள் வந்தது என்பது அந்தப் பக்கங்களைப் படித்தால் விளங்கும். கோயிலுக்குப் போனால் கழுத்து வலித்தாலும் கூரை விளிம்பான கொடுங்கையை அண்ணாந்து பார். மரச்சட்டம், ஆணி எல்லாவற்றையும் கல்லிலேயே செதுக்கியிருப்பார்கள்.

குடுமியான்மலைக்குப் போனால் சிவனுக்குக் குடுமி முளைத்த கதையையும், பாறையில் வெட்டிய இசைக் கல்வெட்டையும் ஒரே நடையில் பார்க்கலாம். சித்தன்னவாசலில் அறிவர் கோயில் விதானத்தைக் கொஞ்ச நேரம் பொறுமையாகப் பார். கண் பழகப் பழகத் தாமரைக் குளம் தெரியும். மீன், வாத்து, யானை, பூப்பறிக்கிற ஆட்கள். சமணர்களின் சமவசரணக் கதையில் வருகிற குளம் அது என்பார்கள். அந்தக் கதையைத் தெரிந்துகொண்டு போகிறவருக்கு அந்த ஓவியம் இன்னும் நிறையக் காட்டும். போனில் பிளாஷ் போடாதே, சுவரைத் தொடாதே.

புத்தகத்துக்குக் காசு இல்லையே என்கிறாயா? மாவட்ட மைய நூலகத்தில் உறுப்பினர் ஆகு. பழைய இலக்கியம், நாட்டுடைமை நூல்கள் எல்லாம் மதுரைத் திட்டத்திலும் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலும் இலவசம். புதுக்கோட்டைப் புத்தகத் திருவிழாவுக்கு முதல் நாள் சும்மா சுற்றிப்பார்க்கப் போ, இன்னொரு நாள் பட்டியலோடு வாங்கப் போ. திருக்கோகர்ணத்தில் ஞானாலயா ஆய்வு நூலகம் இருக்கிறது. பா. கிருஷ்ணமூர்த்தி, டோரதி தம்பதி ஆசிரியர் சம்பளத்தில் சேர்க்கத் தொடங்கியது, இன்று ஒரு லட்சம் புத்தகத்துக்கு மேல். பல நூல்களின் முதல் பதிப்பு அங்கே உண்டு. "சும்மா பாக்க வந்தேன்" என்று போய் நிற்காதே. முன்கூட்டிக் கேட்டுக்கொண்டு, தேடுகிற புத்தகத்தின் பெயரை எழுதி எடுத்துப் போ. அதே திருக்கோகர்ணத்தில் அருங்காட்சியகமும் இருக்கிறது, 1910-இல் தொடங்கியது. புதுக்கோட்டை சமஸ்தானத்து அம்மன் காசு எவ்வளவு சின்னது என்று கண்ணால் பார்த்துவிட்டு வா.

வாட்ஸ்அப்பில் வருகிற சரித்திரத்துக்கு ஒரே சோதனை போதும்: எந்த ஊர்க் கல்வெட்டு, எந்த ராஜாவின் எத்தனையாம் ஆட்சியாண்டு? இரண்டுக்கும் பதில் இல்லாவிட்டால் பார்வேர்டு செய்யாதே. நம் சமஸ்தானம் 1929-லேயே தன் எல்லைக்குள் இருந்த கல்வெட்டுகளின் வாசகத்தைத் தொகுத்து அச்சிட்டது. அப்படிப்பட்ட ஊரில் இருந்துகொண்டு ஆதாரம் கேட்கக் கூச்சப்படலாமா?

சரித்திரமே பிடிக்காது, கற்பனைதான் வேண்டும் என்கிற தம்பிக்கு ஜெயமோகனின் பனிமனிதன். சின்னவர்களுக்கு விக்கிரமாதித்தன் கதைகள். மகாபாரதத்துக்கு ராஜாஜியின் வியாசர் விருந்தில் தொடங்கு. 2014-இலிருந்து 2020 வரை 26 நாவல்களாக வந்த ஜெயமோகனின் வெண்முரசைப் பார்த்து முதல் நாளே மலைத்துப் போகாதே, அதற்கு வயசும் நேரமும் இருக்கிறது. பறம்பு மலைப் பாரியின் கதைக்கு சு. வெங்கடேசனின் வேள்பாரி. பறம்பு என்கிற பிரான்மலை பொன்னமராவதிக்காரர்களுக்குப் பக்கத்து வீடு மாதிரிதானே.

அச்சில் ஏறாத புத்தகம் ஒன்று உன் வீட்டிலேயே இருக்கும். குளமங்கலத்து அய்யனார் கோயிலின் பெரிய குதிரை யாருக்காக நிற்கிறது, உங்கள் குலசாமி எந்த ஊரிலிருந்து எந்தப் பெட்டியில் வந்தது என்று அப்பத்தாவைக் கேள். போனில் பதிவு செய். கதையைத் தொடங்குமுன் அவர் பெயர், ஊர், தேதி மூன்றையும் நீயே சொல்லிப் பதிந்துவிடு. சித்தப்பா வேறு மாதிரி சொன்னால் அதையும் தனியாகப் பதிவு செய், யார் சொன்னது சரி என்று நடுவில் பஞ்சாயத்துப் பண்ணாதே. பண்ணினால் இரண்டு பேருமே வாயை மூடிக்கொள்வார்கள்.