கூரை குளிர்ந்தால் வீடு குளிரும்



சித்திரை மாதம் ஒரு குழுக் கூட்டத்துக்குப் போயிருந்தோம். சேமிப்பு, கடன் கணக்கெல்லாம் முடிந்த பிறகு ஒரு உறுப்பினர் சொன்னார்: "கூரை வீட்டுல இருந்தப்ப மழைக்குப் பயந்தோம். கடன் வாங்கி மெத்தை வீடு கட்டினோம். இப்ப ராத்திரி உள்ளே படுக்க முடியலை. மக பிரசவத்துக்கு வந்திருக்கா. பச்சைக் குழந்தையை எங்கே போடுறது?" அங்கிருந்த பாதிப் பேர் "எங்க வீட்டிலும் இதே கதைதான்" என்றார்கள். அதனால் இந்த மாதப் பாடமாக இதையே எடுத்துக்கொண்டோம்.

ஏன் இப்படிச் சுடுகிறது?

சோற்றுப் பானையை இறக்கும்போது பிடிதுணி வைத்துப் பிடிக்கிறோம். துணியின் இழைகளுக்குள் காற்று அடைபட்டிருக்கிறது. அடைபட்ட காற்று சூட்டை எளிதில் கடத்தாது. அதே துணி ஈரமாக இருந்தால் கை சுட்டுவிடும். இது நம் எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

கீற்றுக் கூரையும் பிடிதுணி மாதிரிதான். அடுக்கடுக்காக வேய்ந்த கீற்றுக்குள் காற்று நிற்கிறது. கான்கிரீட் தளத்தில் அப்படி இல்லை. பகல் முழுக்க வெயிலைக் குடித்து வைத்து, பொழுது சாய்ந்த பிறகு மெதுவாக வீட்டுக்குள் விடுகிறது. வெளியே காற்று குளிர்ந்த பிறகும் உள்ளே வேகிறது இதனால்தான்.

இருக்கிற வீட்டில் என்ன செய்யலாம்?

1. மாடியில் வெள்ளைச் சுண்ணாம்பு அடிப்பது. வெள்ளை நிறம் வெயிலைத் திருப்பி அனுப்பிவிடும். செலவும் குறைவு. சுண்ணாம்பை முதல் நாளே தண்ணீரில் நீற்றி, வடிகட்டி, கொஞ்சம் பசை கலந்து கொள்ளுங்கள். தளத்தைப் பெருக்கி, லேசாக நனைத்து, வெயில் தாழ்ந்ததும் இரண்டு பூச்சு அடியுங்கள். மழையில் கரையும் என்பதால் வருடா வருடம் மாசி, பங்குனியில் அடிப்பது நல்லது. சுண்ணாம்பு நீற்றும்போது கொதிக்கும். கண்ணில் பட்டால் ஆபத்து. குழந்தைகளைக் கிட்டே விடாதீர்கள். மழைநீர் சேமிக்கிற வீடுகளில் முதல் மழைத் தண்ணீரை வெளியே விட்டுவிடுங்கள்.

ஆஸ்பெஸ்டாஸ் சீட்டு வீட்டுக்காரர்கள் கவனிக்க வேண்டும். சீட்டின் மேல் ஏறி நடக்காதீர்கள். உடைந்து கீழே விழுந்துவிடுவோம். அதைச் சுரண்டவும் உடைக்கவும் கூடாது. அந்தத் தூசி நுரையீரலைக் கெடுக்கும்.

2. மேற்குச் சுவருக்கு நிழல் தருவது. சாயங்கால வெயில் அந்தச் சுவரில்தான் விழும். பந்தல் போட்டு பீர்க்கை, பாகல், சுரை ஏற்றினால் நிழலுக்கு நிழல், கறிக்குக் கறி.

3. சூடான காற்றை வெளியேற்றுவது. சூடான காற்று மேலே போகும். சுவரின் உச்சியில் போக வழி இருக்க வேண்டும். தூசி வருகிறதென்று அட்டை வைத்து அடைத்திருந்தால் எடுத்துவிட்டு வலை அடியுங்கள்.

புதிதாகக் கட்டுகிறவர்களுக்கு

கலைஞரின் கனவு இல்லம் போன்ற திட்டங்களில் நம் உறுப்பினர்கள் பலர் கான்கிரீட் தள வீடு கட்டுகிறார்கள். தளம் போட்டதோடு நிறுத்திவிடாதீர்கள். அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து சுருக்கி போட்டு, தட்டோடு பதிக்கச் சொல்லுங்கள். வெயிலும் தாங்கும், ஒழுகவும் செய்யாது. ஈரப் பிடிதுணி போல, நீர் இறங்கிய சுருக்கி சூட்டைத் தடுக்காது. எனவே ஓட்டின் இடுக்குகளை நன்றாகப் பூசச் சொல்லுங்கள்.

கேரளத்தில் வாழ்ந்த கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் (1917-2007) 'எலிப்பொறிக் கட்டு' என்ற முறையைப் பரவலாக்கினார். செங்கல்லைப் படுக்க வைக்காமல் பக்கவாட்டில் நிறுத்தி, நடுவே இடைவெளி விட்டுக் கட்டுவது அது. செங்கல் ஏறக்குறைய கால் பங்கு மிச்சமாகும். நடுவில் நிற்கும் காற்று சூட்டையும் தடுக்கும். இந்த வேலை தெரிந்த கொத்தனாரைக் கொண்டே கட்ட வேண்டும்.

கரண்ட் கணக்கு

பழைய 75 வாட் மின்விசிறி தினம் 15 மணி நேரம் ஓடினால் 60 நாளில் 67 யூனிட்டுக்கு மேல் ஆகும். 30 வாட் விசிறி என்றால் 27 யூனிட்தான். ஒரு விசிறியில் மட்டும் 40 யூனிட் மிச்சம். ஆனால் தளம் கொதித்தால் எந்த விசிறியும் அந்தச் சூட்டைத்தான் நம் மேல் வீசும். ஆகவே முதல் செலவு கூரைக்கு, விசிறி பிறகு.

அந்த உறுப்பினர் வீட்டில் குழுவினர் நாலு பேர் சேர்ந்து ஒரே சாயங்காலத்தில் சுண்ணாம்பு அடித்து முடித்தார்கள். "முன்னே மாதிரி அனல் அடிக்கலை, குழந்தை உள்ளே தூங்குது" என்று அடுத்த கூட்டத்தில் சொன்னார்.

குழுவில் கலந்து பேசுங்கள்

* நம் குழுவில் யார் யார் வீட்டில் கைக்குழந்தை, கர்ப்பிணி, வயதானவர் இருக்கிறார்கள்? முதலில் யார் வீட்டுக்கு அடிப்பது?
* சுண்ணாம்பை மொத்தமாக வாங்கினால் எவ்வளவு குறையும்?
* புது வீட்டுக் கடன் கேட்கும்போது சுருக்கி, தட்டோடு செலவையும் சேர்த்துக் கேட்டோமா?