கண்ணால் காணும் சொல், கருத்தால் காணும் சொல்

மும்பையில் தாதர் ரயில் நிலையத்தின் மேற்கே பெரிய பூச்சந்தை இருக்கிறது. விடியும் முன்பே அங்கே கூட்டம் கூடிவிடும். சாமந்தி, ரோஜா, கூடை, மூட்டை, தராசு. இந்தச் சொற்களைக் கேட்டதும் பொருள் கண்முன் வருகிறது. பூவை முகரலாம். மூட்டையைத் தூக்கினால் தோள் வலிக்கும். இவை காட்சிப் பொருள்கள்.

அதே சந்தையில் வேறு சொற்களும் புழங்குகின்றன. லாபம், நட்டம், நம்பிக்கை. நம்பிக்கை என்ன நிறம்? லாபம் எத்தனை கிலோ? சொல்ல முடியாது. ரூபாய் நோட்டைக் கையில் பிடிக்கலாம். ஆனால் நோட்டு வேறு, லாபம் வேறு. விற்ற விலையிலிருந்து வாங்கிய விலையைக் கழித்துப் பார்த்தால்தான் லாபம் தெரியும். இவை கருத்துப் பொருள்கள்.

சில சொற்கள் இரண்டு பக்கமும் நிற்கும். தலைச்சுமையை இறக்கி வைக்கலாம். கடன் சுமையை அப்படி இறக்க முடியுமா?

கண்ணுக்குத் தெரியாத சொல்லால் என்ன பயன் என்று சிலர் நினைப்பார்கள். அதற்கு விடை தேடத் தாதரை விட்டுத் தூரம் போக வேண்டாம். கிழக்கே இந்து காலனியில் ராஜகிருகம் என்ற வீடு இருக்கிறது. 1930களில் டாக்டர் அம்பேத்கர் கட்டிய வீடு அது. தம் புத்தகங்களுக்கென்றே அதில் நிறைய இடம் ஒதுக்கினார். மேற்கே கடற்கரையில் சைத்ய பூமி இருக்கிறது. 1956 டிசம்பர் 7 அன்று அவர் உடல் அங்கேதான் எரியூட்டப்பட்டது.

கொங்கண் பகுதியில் மகாட் என்று ஓர் ஊர். அங்கே சவுதார் குளம். தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்ட மக்கள் அதில் தண்ணீர் எடுக்க முடியாது. ஆடுமாடு குடிக்கலாம், இவர்கள் குடிக்கக் கூடாது. பொதுக் குளமும் கிணறும் அனைவருக்கும் உரியவை என்று 1923இல் பம்பாய்ச் சட்டசபை தீர்மானம் போட்டது. 1924இல் மகாட் நகராட்சியும் குளத்தைத் திறந்துவிட்டதாகத் தீர்மானம் போட்டது. காகிதத்தில் உரிமை வந்தது. குடத்தில் தண்ணீர் வரவில்லை.

1927 மார்ச் 20 அன்று ஆயிரக்கணக்கான மக்கள் அந்தக் குளத்துக்கு நடந்தார்கள். அம்பேத்கர் தண்ணீரை அள்ளிக் குடித்தார். மற்றவர்களும் குடித்தார்கள். அன்றே அவர்கள் மீது அடி விழுந்தது. பிறகு, குளத்துக்குத் தீட்டுப் பட்டுவிட்டது என்று சொல்லிச் சாணமும் கோமியமும் கலந்து குடம் குடமாக ஊற்றினார்கள்!

தீட்டு என்பதும் கருத்துச் சொல்தான். அதற்கு நிறமில்லை, மணமில்லை. தண்ணீரில் ஒரு மாற்றமும் இல்லை. ஆனால் அந்தச் சொல்லை நம்பியவர்கள் எடுத்த தடி நிஜமான தடி. குளத்தின் வழக்கு உயர் நீதிமன்றம் வரை போனது. 1937இல்தான் ஒதுக்கப்பட்டவர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது.

அரசியல் சட்டத்தின் வரைவுக் குழுவுக்கு அம்பேத்கரே தலைவர். 1950 ஜனவரி 26 முதல் அது நடைமுறைக்கு வந்தது. சட்டத்தின் முன் அனைவரும் சமம் என்கிறது 14ஆம் பிரிவு. இது கருத்துச் சொல். அடுத்த 15ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். கடை, உணவு விடுதி, கிணறு, குளம், படித்துறை, சாலை என்று பெயர் பெயராக வருகிறது. சாதி, மதம் போன்ற காரணங்களைச் சொல்லி அங்கெல்லாம் யாரையும் தடுக்கக் கூடாது. சட்டப் புத்தகத்தில் படித்துறைக்கு என்ன வேலை? மகாட் கதை தெரிந்தவருக்கு இதில் வியப்பு இராது. "எல்லாரும் சமம்தான், ஆனால் இந்தக் குளத்துக்கு வராதே" என்று இனி யாரும் சொல்ல முடியாது.

பட்டியல் மட்டும் இருந்தால் போதுமா? போதாது. உலகத்தில் உள்ள எல்லா இடத்தையும் எழுதி முடிக்க முடியாது. பட்டியலில் இல்லாத இடத்தில் ஒருவரைத் தடுத்தால், அங்கே சமம் என்ற சொல்தான் துணைக்கு வரும்.

மாநகராட்சி வார்டு அலுவலகத்துக்கு மனு எழுதும்போதும் இதே கதைதான். "எங்கள் பகுதியில் வசதி இல்லை" என்று எழுதினால் படிப்பவருக்கு ஒன்றும் விளங்காது. "மூன்று நாளாகக் குழாயில் தண்ணீர் வரவில்லை, நாற்பது வீட்டுக்கும் அந்த ஒரு குழாய்தான்" என்று எழுதினால் யாரை அனுப்ப வேண்டும் என்று அவருக்குத் தெரியும்.

பயிற்சி: உங்கள் தெருவுக்காக ஐந்து வரியில் ஒரு மனு எழுதுங்கள். உரிமை என்ற சொல் ஒரு முறை வரட்டும். குழாய், விளக்கு, சாக்கடை, இவற்றில் எது உங்கள் குறையோ அதையும் எழுதுங்கள். எழுதியதைப் பக்கத்து வீட்டுக்காரருக்குப் படித்துக் காட்டுங்கள். எந்தச் சொல்லைக் கேட்டதும் அவர் "ஆமாம், ஆமாம்" என்கிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள்.