ஐந்தாவது அளவு

எட்டாம் வகுப்பில் நாற்கரம் வரைதல் பாடத்தைத் தொடங்கும்போதெல்லாம் நான் கரும்பலகையில் எழுதும் முதல் வரி, ‘நாற்கரம் வரைய ஐந்து அளவுகள் தேவை’ என்பதுதான். இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவி எழுந்து, “நாலு பக்கம்தானே சார் இருக்கு, எதுக்கு அஞ்சு அளவு?” என்று கேட்டாள். “நாலு பக்கம், ஒரு மூலைவிட்டம். மொத்தம் அஞ்சு. எழுதிக்கோ” என்றேன். அவள் எழுதிக்கொண்டாள். அது அவளுடைய கேள்விக்குப் பதில் இல்லை என்பது எனக்குத் தெரியும். பாடத்தை முடிக்க வேண்டிய அவசரம், கடந்துவிட்டேன்.

பதில் சென்ற மே மாதம் எங்கள் வீட்டுச் சமையலறையில் கிடைத்தது.

வீடு கட்டி முடித்தபோது கையில் இருந்த பணமும் முடிந்திருந்தது. சமையல் மேடைக்குக் கடப்பாக்கல் போட்டதோடு நின்றுவிட்டோம். மேடைக்கு அடியில் பாத்திரங்களும் மளிகைச் சாமான்களும் ஒரு பழைய சேலைத் திரைக்குப் பின்னால் இருந்தன. அலமாரி செய்யக் கேட்ட கூலி கையைக் கடித்தது. கணித ஆசிரியர்தானே, ஒரு பெட்டி செய்ய முடியாதா என்று நினைத்து, கோடை விடுமுறையில் நானே இறங்கினேன். இதற்கு முன் நான் மரத்தில் செய்த வேலை, சுவரில் ஆணி அடித்துக் காலண்டர் மாட்டியதுதான்.

முதலில் செய்ய நினைத்தது 24 அங்குல அகலம், 30 அங்குல உயரம், 20 அங்குல ஆழத்தில் இரண்டு கதவுகளோடு ஒரு பெட்டி. சமையலறையில் ஈரம் படும் என்பதால் 710 தரப் பிளைவுட் பலகை ஒன்று வாங்கினேன். 8 அடிக்கு 4 அடி, 19 மில்லிமீட்டர் கனம். மரக்கடையில் இதை ‘ஆறு நூல்’ என்கிறார்கள். ஒரு அங்குலத்துக்கு எட்டு நூல். அரை, கால், அரைக்கால் என்று நாம் பின்னத்தில் சொல்வதை அவர்கள் நான்கு நூல், இரண்டு நூல், ஒரு நூல் என்று முழு எண்ணிலேயே முடித்துவிடுகிறார்கள். பின்னங்களின் கூட்டலில் திணறும் பிள்ளைகளுக்கு இந்த நூல் கணக்கை ஒருமுறை சொல்லிப் பாருங்கள்.

முதல் தவறு உடனே நடந்தது. பெட்டியின் அகலம் 24 அங்குலம், ஆகவே அடிப்பலகையும் நடுத்தட்டும் 24 அங்குலம் என்று வெட்டிவிட்டேன். இரண்டு பக்கப் பலகைகளுக்கு நடுவே அவை உட்கார வேண்டும், பக்கத்துக்கு ஆறு நூல் கழிக்க வேண்டும் என்பது வெட்டிய பிறகுதான் உறைத்தது. வேண்டியது இருபத்திரண்டரை அங்குலம். நல்லவேளை, கூடுதலாகத்தான் வெட்டியிருந்தேன், மறுபடி அறுக்க முடிந்தது. வெளி அளவு, உள் அளவு என்று கனச்செவ்வகக் கணக்குகளைப் பக்கம் பக்கமாகப் போட்டுக் காட்டியவன் நான்!

இன்னொன்றும் உண்டு. 96 அங்குல நீளத்தை 24 அங்குலமாக நான்கு துண்டு போடலாம் என்று தாளில் எழுதியிருந்தேன். ரம்பத்தின் வாயும் ஏறக்குறைய ஒரு நூல் தின்கிறது. மூன்று வெட்டுக்கு மூன்று நூல். கடைசித் துண்டு அந்த அளவுக்குக் குட்டையாக வந்தது. இதை ஆறாம் வகுப்புக்கு ஒரு கணக்காகக் கொடுத்தேன். நான்கு துண்டுக்கு நான்கு வெட்டு என்றுதான் பாதிப் பேர் எழுதினார்கள். ரம்பத்தின் கணக்குக்கு முன் அதைப் பேசவேண்டி வந்தது.

இரண்டாவது தவறுதான் பெரியது. பலகைகளைச் சேர்த்துத் திருகாணி போட்டு முடித்தேன். இடது பக்கம் 30, வலது பக்கம் 30, மேலே 24, கீழே 24. எல்லாம் சரி. கையில் இருந்த சிறிய மூலைமட்டத்தை ஒரு மூலையில் வைத்தும் பார்த்தேன், பொருந்துவது போலத்தான் இருந்தது. கதவுகளைக் கீலில் மாட்டியதும் நடுவில் இரண்டும் சேரும் இடத்தில் ஒன்று ஏறியும் ஒன்று இறங்கியும் நின்றன. இரண்டு நூலுக்கு மேல் வித்தியாசம். கதவுகளைக் கழற்றி அளந்தேன், அவற்றில் குறையில்லை. கீல்களை மாற்றி மாட்டினேன், அப்படியே இருந்தது. “ஏங்க, அந்தத் திரையே இருந்துட்டுப் போகட்டுமே” என்றார் என் மனைவி.

மறுநாள் மரக்கடையில் வேலை செய்யும் பெரியவர் ஒருவரிடம் சொன்னேன். அவர் கேட்டது ஒரே கேள்விதான்.

“மூலைக்கு மூலை புடிச்சுப் பாத்தீங்களா, வாத்தியாரே?”

வீட்டுக்கு வந்து டேப்பைக் குறுக்காகப் பிடித்தேன். ஒரு மூலைவிட்டம் மற்றதைவிட நான்கு நூல் நீளம். நான் செய்து வைத்திருந்தது செவ்வகம் அல்ல, இணைகரம். பக்கங்கள் நான்கும் நான் வெட்டிய அளவிலேயே இருந்தன, பெட்டி மட்டும் மேலே மூன்று நூல் சாய்ந்திருந்தது. கண்ணுக்குத் தெரியாத அந்தச் சாய்வு மூலைவிட்டத்தில் பளிச்சென்று தெரிந்தது. ஒன்று நீள்கிறபோது மற்றது குறைகிறது அல்லவா?

பெரியவர் சொன்னபடியே திருகாணிகளைச் சற்றுத் தளர்த்தினேன். நீளமான மூலைவிட்டத்தின் இரு முனைகளையும் கயிற்றால் கட்டி, கட்டையைச் செருகி முறுக்கினேன். இரண்டு அளவும் சமமானதும் பின்பக்கத்தில் மெல்லிய பிளைவுட்டை வைத்து அறைந்தேன். அதன்பிறகு பெட்டி எந்தப் பக்கமும் அசையவில்லை. பைதாகரஸ் தேற்றப்படி மூலைவிட்டம் 38.42 அங்குலம் வரவேண்டும் என்று நான் கணக்கிட்டு வைத்திருந்தேன். பெரியவருக்கு அது தேவைப்படவே இல்லை. இரண்டும் சமமா என்று பார்த்தால் போதும் அவருக்கு.

‘செவ்வகத்தின் மூலைவிட்டங்கள் சமம்’ என்று பல ஆண்டுகளாகச் சொல்லிக்கொடுத்தவன், அதைத் திருப்பிப் பயன்படுத்தலாம் என்பதைச் சமையலறையில் உட்கார்ந்து தெரிந்துகொண்டேன். அப்போதுதான் அந்த மாணவியின் கேள்வியும் நினைவுக்கு வந்தது. நான்கு பக்க அளவுகள் ஒரு நாற்கரத்தை நிறுத்துவதில்லை. என் பெட்டியைப் போல அது சாய்ந்துகொண்டே போகலாம். அதை நிறுத்துவதுதான் ஐந்தாவது அளவு.

ஜூன் மாதம் எட்டாம் வகுப்பில் அந்த முதல் வரியை நான் எழுதவில்லை. ஈர்க்குச்சிகளையும் சைக்கிள் வால்வு டியூப் துண்டுகளையும் கொடுத்து, முதலில் முக்கோணம் செய்யச் சொன்னேன். அழுத்திப் பார்த்தார்கள், உருமாறவில்லை. அடுத்து நாற்கரம். அது இப்படியும் அப்படியும் ஆடியது. “ஆடாம நிறுத்துங்க” என்று மட்டும் சொன்னேன். சிலர் மூலைகளை நூலால் இறுக்கிக் கட்டினார்கள். சற்று நேரத்தில் ஒரு குழு குறுக்கே ஒரு குச்சியைச் செருகியது. நாற்கரம் இரண்டு முக்கோணமாகி நின்றுவிட்டது. முதல் முக்கோணத்துக்கு மூன்று அளவு. இரண்டாவதற்கு ஒரு பக்கம் ஏற்கெனவே இருப்பதால் இரண்டே போதும். மூன்றும் இரண்டும் ஐந்து. ஐங்கோணம் செய்த குழு தானாகவே ‘ஏழு’ என்றது.

மறுநாள் சணல் கயிற்றோடு பள்ளியைச் சுற்றினோம். கரும்பலகை, மேசை, அறிவிப்புப் பலகை என எல்லாவற்றையும் மூலைக்கு மூலை பிடித்தார்கள். எங்கள் வகுப்பறையில் ஒருபோதும் சரியாகச் சாத்தாத ஜன்னல் ஒன்று உண்டு. அதன் சட்டத்தில் கயிறு முக்கால் அங்குலம் கூடுதலாக நின்றபோது எழுந்த கூச்சலுக்குப் பக்கத்து வகுப்பு ஆசிரியர் எட்டிப் பார்த்தார்.

ஒரு எச்சரிக்கை. ‘மூலைவிட்டங்கள் சமம் என்றால் செவ்வகம்’ என்று பிள்ளைகள் உடனே முடிவுகட்டிவிடுவார்கள். சம நீளமுள்ள இரு குச்சிகளைக் குறுக்காக வைத்து, நடுப்புள்ளியில் சந்திக்காதபடி நகர்த்தி, முனைகளை இணைக்கச் சொல்லுங்கள். செவ்வகம் வராது. எதிர்ப்பக்கங்கள் சமம் என்பதை முதலில் உறுதிசெய்துவிட்டுத்தான் மூலைக்கு மூலை பிடிக்க வேண்டும். இந்த இடத்தில் எனக்கு ஒரு முழுப் பாடவேளை போயிற்று. ஈர்க்குச்சி நிறைய உடையும், இரண்டு மடங்காக எடுத்துச் செல்லுங்கள். அடுத்து வந்த தேர்வில் ஐந்து அளவுகள் ஏன் என்ற கேள்விக்குச் சிலர் ‘புத்தகத்தில் உள்ளது’ என்றே எழுதியிருந்தார்கள். எனவே அந்தச் சிலரோடு குச்சிகளை மறுபடி எடுக்க வேண்டியிருந்தது.

கேள்வி கேட்ட மாணவி இப்போது பத்தாம் வகுப்பு. ஒருநாள் அவளை அழைத்து, “எட்டாவதுல நீ கேட்டதுக்கு நான் பதில் சொல்லலைம்மா” என்று சொல்லிவிட்டு, குச்சி நாற்கரத்தைக் கையில் கொடுத்தேன். அவளுக்குத் தான் கேட்டதே நினைவில்லை. கொஞ்ச நேரம் ஆட்டிப் பார்த்தாள். “அஞ்சாவது அளவு மூலைவிட்டமாத்தான் இருக்கணுமா சார்? ஒரு கோணத்தைச் சரியா வெச்சாலும் நிக்குமே?”

நிற்கும். மூலைமட்டத்தின் வேலையே அதுதான். ஆனால் என் மூலைமட்டத்தின் கை 6 அங்குலம்தான். அதில் அரை நூல் விலகினால் கண்ணுக்குத் தெரியாது, 30 அங்குல உயரத்தில் அது இரண்டரை நூலாகிவிடும். என் பெட்டி ஏமாற்றியது அப்படித்தான். இதை அவளிடம் உடனே சொல்லவில்லை. ஒரு மூலைமட்டத்தையும் டேப்பையும் கொடுத்து, சாத்தாத அந்த ஜன்னலுக்கு அனுப்பினேன்.