உயர் ரக நாய்க்கு அறுவையா? இரத்தக் கசிவைக் கவனியுங்கள்

திருவண்ணாமலை வட்டாரத்தில் ஆட்டுப்பட்டி, பம்புசெட் காவலுக்கு டாபர்மேன் வளர்ப்பவர்கள் உண்டு. இவ்வினத்தில் சில நாய்களுக்குப் பிறவியிலேயே இரத்தம் எளிதில் உறைவதில்லை. தட்டணுக்களைக் காயத்தில் ஒட்டவைக்கும் ‘வான் வில்லிபிராண்ட்’ என்னும் புரதம் குறைவாக இருப்பதே காரணம். நாய் நன்றாகத் தின்னும், ஓடும். கருத்தடை அறுவையின்போதுதான் குறை வெளிப்படும். கிரேஹவுண்டு இனத்திலோ அறுவை முடிந்து ஓரிரு நாள் கழித்தும் கசிவு தோன்றுவதுண்டு.

கவனிக்க வேண்டியவை:

1. தாய், தந்தை, உடன்பிறந்த குட்டிகளில் எதற்கேனும் இரத்தம் நிற்காமல் போயிருந்தால், அதை அறுவைக்கு முன்பே கால்நடை மருத்துவரிடம் கூறவும்.

2. உதட்டின் உட்புறம் சிறு கீறலிட்டு அவர் சோதிப்பார். குறையில்லாத நாய்க்குச் சுமார் 4 நிமிடத்தில் இரத்தம் நின்றுவிடும்.

3. உண்ணிக் காய்ச்சலிலும் தட்டணு குறையும். அதை முதலில் குணப்படுத்தவும்.

4. ஆஸ்பிரின் மாத்திரையை நீங்களாகக் கொடுக்கக் கூடாது.

5. அறுவைக்குப் பின் 4 நாட்கள் காலை, மாலை தையலைப் பார்க்கவும். ஈறு வெளுத்தாலோ, வயிறு உப்பினாலோ, தையலைச் சுற்றிக் கன்றினாலோ உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லவும்.

6. இக்குறை பரம்பரையாக வருவது. குறையுள்ள நாயை, ஆணாயினும் பெண்ணாயினும், இனவிருத்திக்கு விட வேண்டாம்.